நான்காம் படத்தின் தேதி

ஜூன் 9, திங்கள்

திருச்செந்தூரில் ரயிலை விட்டு இறங்கியதும் பெட்டிகளை எண்ணினேன். கேமரா ஒன்று, பிலிம் ஒன்று, விண்வெளி வீரரின் உடை ஒன்று. என் துணிமணி தோள்பையிலேயே அடங்கிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் எனக்கென்று வேண்டியிருப்பது அவ்வளவுதான்.

தம்பி வீட்டில்தான் தங்கல். லாட்ஜில் அறை பார்க்கிறேன் என்று போனில் சொன்னதற்கு அவன் மனைவி ஜெயக்கொடி, "ஊருக்குள்ள எங்கள தலகுனிய வைக்கணும்னா போய்த் தங்குங்க மைனி" என்றாள். அவளுக்கு அன்பை அப்படித்தான் காட்டத் தெரியும்.

லிங்கம் வாசலில் டிராக்டருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். விளைகளுக்கு, முருங்கைத் தோட்டங்களுக்கு, தண்ணீர் ஓட்டுவது அவன் தொழில். நிமிர்ந்து, "வந்தாச்சா" என்றான். என்னைக் கேட்டானா, பெட்டிகளைக் கேட்டானா தெரியவில்லை. அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டு ஐந்து வருடம் ஆகிறது.

அப்பா இறந்து ஆறு வருடம். அப்போது நான் லடாக்கில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பனி விழுந்து பாதையை மூடிவிட்டார்கள். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகும் ஒரு வருடம் லிங்கம் ஒழுங்காகத்தான் பேசினான். பிறகு நிறுத்திக்கொண்டான். ஏன் என்று எனக்குத் தெரியாது.

வந்த காரியத்தை எழுதிவிடுகிறேன். நிலவைப்போலத் தோன்றும் பாலைநிலங்களை எடுத்து, பன்னிரண்டு படங்களாகச் சென்னையில் காட்சிக்கு வைக்கிறேன். மனிதன் நிலவில் இறங்கிய நாளான ஜூலை இருபதில் தொடக்கம். லடாக், கட்ச், ஜெய்சல்மேர் என்று பத்து வருடம் அலைந்து பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவது எங்கள் ஊர்த் தேரி. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல் மேடு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

சாமி அலமாரியில் மஞ்சள் துணியில் இரண்டு சின்ன முடிச்சுகள் இருந்தன. கார்த்திகைக் கடைசியில் ஐயனார் கோயிலுக்குப் பின்னால் தேரியில் கள்ளர்வெட்டுத் திருவிழா நடக்கும். இளநீரை வெட்டுவார்கள். அந்த நீர் விழுந்த மண்ணுக்குக் கூட்டம் அடித்துப் பிடித்துக்கொண்டு பாயும். அள்ளிப்போய் வீட்டிலும் விளையிலும் வைத்தால் நல்லது. அப்பா இரண்டு பிடி அள்ளுவார், பிள்ளைக்கு ஒன்று. அந்த முடிச்சுகளாகத்தான் இருக்கும். துணி மட்டும் புதிதாக இருந்தது.

மறுபடியும் எழுதிக்கொள்கிறேன். படத்துக்காக மட்டும்தான் வந்திருக்கிறேன்.

ஜூன் 10

நாள் முழுக்கக் காற்று. சோற்றில் மணல்.

ஜூன் 11, புதன்

லிங்கத்தின் டிராக்டரில் தேரிக்குப் போய் இடம் பார்த்தேன். டிராக்டரைத் தவிர வேறு எதுவும் அந்த மணலில் ஏறாது. அதனால்தான் அவன் தயவு தேவைப்பட்டது. மேடு மேடாகத் தேடிச் சுற்றிய ஒன்றரை மணி நேரமும் இருவரும் பேசவில்லை. மேடு வந்தால் "பிடிச்சுக்கிடணும்" என்பான். யார் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லமாட்டான்.

ஐயனார் கோயிலைத் தாண்டியதும் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் போட்டான். நான் ஷூவைக் கழற்றவில்லை. உடைமரத்து முள் கிடக்கிறது.

நல்ல மேடு ஒன்று கிடைத்தது. காலை ஆறிலிருந்து எட்டு வரை காற்று அடங்கியிருக்கும், வெயிலும் சாய்வாக விழும். சிவப்பு மணலில் நிலவு எப்படி வரும் என்று ஜெயக்கொடிக்குச் சந்தேகம். கறுப்பு வெள்ளைப் பிலிமைப் போட்டு, லென்ஸுக்கு முன் சிவப்புக் கண்ணாடியை மாட்டினால் சிவப்பு மணல் வெளுத்துவிடும், நீல வானம் கறுத்துவிடும் என்று விளக்கினேன். பட்டப்பகலில் நிலவு.

"அப்ப உள்ளது ஒண்ணு, படத்துல தெரியது ஒண்ணுன்னு சொல்லுங்க" என்றாள்.

அவளிடம் இனி எதையும் விளக்கக்கூடாது.

ஜூன் 13, வெள்ளி

உடையைப் போட்டு நிற்பதற்காகச் சென்னையிலிருந்து வரவேண்டிய நாடக நடிகர், கணுக்கால் சுளுக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறார். வேறு ஆள் தேட நாள் இல்லை. ஆடி நெருங்க நெருங்கக் காற்று முற்றும், மேடே இடம் மாறிவிடும்.

சாப்பிடும்போது புலம்பினேன். "இவியளப் போடச் சொல்லுங்க" என்றாள் ஜெயக்கொடி, லிங்கத்துக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே. "நிலாவுக்குப் போறவனுக்கு மொகமா தெரியப்போவுது? ஒசரம் இருந்தாப் போதும்லா."

லிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "சட்ட பத்துமா?" என்று அவளிடம் கேட்டான்.

பத்தவில்லை. வயிற்றுப் பக்கம் தையலைப் பிரித்து, வெள்ளைத் துணி வைத்து அவளே தைத்துக் கொடுத்தாள். முதுகில் மாட்டும் ஆக்சிஜன் பெட்டியை நான் கொண்டுவரவில்லை. முருங்கைக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கு வெள்ளைச் சாக்கைச் சுற்றி மாட்டினோம். வாடகைக்கு வாங்கிய உடையை விட இதுதான் அசலாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

ஆறு மணிக்கெல்லாம் தேரியில் இருந்தோம். மேட்டில் பின்பக்கமாக ஏறி ஒரு பனைமட்டையை ஊன்றிவைத்து, அந்த இடத்துக்குப் போய் நிற்கும்படி லிங்கத்திடம் சொன்னேன். கீழே கேமராவை மாட்டி, வெளிச்சம் அளந்து, நிமிரும்போது முழு உடையில் மேட்டில் நின்றான். தலைக்கவசத்தின் முகப்பு கண்ணாடிபோலப் பளபளக்கும். உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும். நமக்கு அவர் முகம் தெரியாது, நம் முகம்தான் தெரியும்.

மட்டையைப் பிடுங்கிவர, படத்தில் என் தடம் விழாமல் மறுபடி பின்பக்கமாக ஏறினேன். கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது, பானைக்குள் பேசுவதுபோல.

"நிலாவுல காத்து உண்டா?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. அவன் என்னிடம் கேட்கிறான்.

"கெடையாது."

"மழ?"

"அதுவும் கெடையாது."

"அப்ப மண்ணுல வச்ச தடம்?"

"அப்படியே கெடக்கும். மொதமொதல்ல போனவங்க வச்ச தடம் இன்னும் இருக்கு. லட்சக்கணக்கான வருசம் இருக்கும்ங்காங்க."

"அப்ப அங்க போறவன் பாத்துதான் காலு வைக்கணும்" என்றான்.

ஐந்து வருடத்தில் அவன் என்னிடம் பேசியதிலேயே இதுதான் நீளம். ஒரு சுருள் எடுத்து முடித்தோம், பன்னிரண்டு படம். கவசத்தைக் கழற்றியதும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பழையபடி ஊமையாகிவிட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படம் நன்றாக வரும் என்ற சந்தோஷம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

காட்சிக்கூடத்திலிருந்து நந்திதா போன் செய்தாள். சட்டம் போடக் கொடுத்த பிரதிகளைச் சரிபார்த்தாளாம். "எல்லாப் படத்தோட வெள்ளை ஓரத்துலயும் நீங்க பென்சில்ல இடமும் தேதியும் எழுதியிருக்கீங்க மேடம். நாலாவதுல மட்டும் தேதி இல்லையே? முன்னாடி வந்த உங்க படப் புத்தகத்துல இருந்துச்சு."

நான்காவது லடாக்கின் லாமாயூரு. அந்த ஒரு படத்தால்தான் பத்துப் பேருக்கு என் பெயர் தெரியும். மெழுகு வழிந்தது போன்ற மண்குன்றுகள், அவற்றின் தோளில் முழுநிலவு, ஒரு பொட்டு மேகம் இல்லாத வானம். புதுப் பிரதியில் தேதி எழுத விட்டுப்போயிருக்கும் என்றேன். அப்படியானால் நீங்கள் வந்ததும் எழுதிவிடலாம் என்றாள். எதற்கு, மற்றவற்றிலும் அழித்துவிடு, நிலவில் ஏது தேதி என்றேன்.

"அழகா இருக்கு மேடம், அதையே சுவத்துல எழுதிரலாம்" என்றாள்.

பிற்பகலில் ஜெயக்கொடியோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினேன். குலசேகரன்பட்டினத்தில் கட்டுகிற தளத்திலிருந்து ராக்கெட் விட்டால் வீட்டுச் சன்னல் அதிருமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். "இத்தன ஊரு சுத்துதிய, ஒண்ணும் தெரியாதுங்கிய" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாவது சுருள் போட்டேன். இன்றைக்குப் பக்கத்திலிருந்து, இடுப்புக்கு மேலே மட்டும். நான் கேமராவுக்குள் குனிந்திருந்தேன். லிங்கம் பேசத் தொடங்கினான்.

"அப்பாவ ஒண்ணர நாளு ஐஸ் பெட்டில வச்சிருந்தேன்."

நான் நிமிரவில்லை.

"பெரியப்பா மக்கமாரு எடுத்துருவோம் எடுத்துருவோம்னு நின்னாவ. அவ வந்துக்கிட்டிருக்கா, பாதைய மூடிட்டாங்க, அவ என்ன செய்வான்னு எல்லாத்தோடயும் சண்ட போட்டேன். பொறவு முடியல. ஒனக்குள்ள வாய்க்கரிசியயும் நாந்தான் போட்டேன். எனக்கு ஒருக்க, ஒனக்கு ஒருக்க."

மணல் ஓடும் சத்தம் கேட்டது.

"ஒரு வருசம் கழிச்சு ஒன் பொஸ்தகம் வந்துது. ஊரெல்லாம் கொண்டு காட்டினேன். நாலாவது படத்துக்குக் கீழ பதிமூணாந் தேதின்னு போட்டிருந்த. நான் ஒனக்குப் போன் பண்ணினது பதிமூணு காலம்பற. பனி விழுந்துட்டுன்னு நீ சொன்னதும் பதிமூணு. அந்தப் படத்த நான் எத்தன மட்டம் பாத்தேன் தெரியுமா? ஒரு மேகம் இல்ல."

கேமராவில் என் முகம் தெரிந்தது, அவன் கவசத்தின் மேல், சின்னதாக, தலைகீழாக அல்ல, நேராகவே. ஷட்டரை அழுத்தினேன்.

ஜூன் 18

காற்று. படம் எடுக்கவில்லை. ஜெயக்கொடி சாளை மீன் குழம்பு வைத்தாள். லிங்கம் ஐந்து நடை தண்ணீர் ஓட்டினான். லென்ஸ்களைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

இந்த நோட்டில் நான் யாருக்காகப் பொய் எழுதுகிறேன்?

பனி விழவில்லை. லிங்கம் போன் செய்தபோது காலை பதினொரு மணி. "அப்பாவுக்கு மூச்சு இழுக்குது, கெளம்பி வா" என்றான். கார் வாசலிலேயே நின்றது. அப்போதே கிளம்பியிருந்தால் மறுநாள் காலை விமானத்தைப் பிடித்து, பதினான்காம் தேதி பொழுது சாய்வதற்குள் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். ஐஸ் பெட்டியின் பக்கத்தில். அன்று பௌர்ணமி. மூன்று நாளாக அந்த நிலவுக்காகக் காத்திருந்தேன். அப்பா முன்பும் இரண்டு முறை இப்படி ஆகிப் பிழைத்துக்கொண்டார், இப்போதும் பிழைப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்து முடித்தபோது இருட்டிவிட்டது, டிரைவர் மலைப்பாதையில் இரவில் ஓட்டமாட்டேன் என்றார். அப்பா விடிகாலையில் போய்விட்டார். மறுநாள் மதியம்தான் விமான நிலையம் உள்ள லே நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே காலையில் மட்டும்தான் விமானம். வீடு வந்தபோது பதினைந்தாம் தேதி இரவு. அன்று மாலையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

லிங்கம் ஏன் பேச்சை நிறுத்தினான் என்றும் எனக்குத் தெரியும். புத்தகத்தை அனுப்பிய மறுவாரத்திலிருந்தே தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவைத்து, அதன் மேலேயே தேதியும் எழுதி அனுப்பியவள் நான். படத்தில் தேதி எழுதாமல் எனக்குக் கை நிற்காது. தொழில் புத்தி.

காலையில் அவன் கிணற்றடியில் தொட்டிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். நான் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு போனேன். உள்ளே அவன் தலையெண்ணெய் வாசம், அப்பாவின் துண்டில் இருந்த அதே எண்ணெய். சுடிதாருக்கு மேல் அந்த உருண்டையோடு வந்து நின்ற என்னைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை.

"பனி விழல" என்றேன். "நாந்தான் போவாம இருந்தேன். நிலாவ எடுத்துட்டுப் போயிருவோம்னு நெனச்சேன். ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன் லிங்கம்."

மோட்டார் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ என்று நின்றேன். அவன் தொட்டி நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்லா" என்றான்.

நிரம்பியதும் குழாயை எடுத்துச் சுற்றிவைத்துவிட்டு டிராக்டரைக் கிளப்பிப் போய்விட்டான். கவசத்துக்குள் மூக்கைத் துடைக்க முடியாது. இது இதற்கு முன் எனக்குத் தெரியாது.

ஜூன் 21, சனி

குளியலறைச் சன்னலைக் கம்பளியால் மூடிக்கொண்டு இரண்டு சுருளையும் கழுவினேன். கொடியில் காயப்போட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், முதல் சுருள் முழுக்க ஒரே தவறு.

நெகட்டிவில் கறுப்பு வெள்ளை மாறித் தெரிந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியும்: வானம் கறுப்பு, மணல் வெளுப்பு, வெள்ளை உடையில் ஆள். எல்லாம் நினைத்தபடி வந்திருக்கிறது. ஆனால் கீழேயிருந்து அவன் நிற்கும் இடம் வரைக்கும் போகிற காலடித்தடம் வெறும் கால். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிறது. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஏறி, மேலே போய் நின்ற பிறகு மாட்டியிருக்கிறான். நான் வெளிச்சம் அளந்துகொண்டிருந்த நேரம். பிறகும் என் கண் அவன் மேல்தான் இருந்தது, மணலில் இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிலவில் வெறுங்காலோடு நடந்தவன் எவன்? மறுபடி எடுக்கலாம் என்று ஓடிப்போய்ப் பார்த்தால் மூன்று நாள் காற்றில் மேடு தட்டையாகிக் கிடக்கிறது. தடம் ஒன்றுகூட இல்லை.

திரும்பி வந்து லிங்கத்திடம் நேராகவே கேட்டேன், கவசம் எதுவும் இல்லாமல். "பூட்ஸ எதுக்குல கையில தூக்கிட்டுப் போன?"

அவன் என்னைப் பார்த்தான். "ஐயனார் மண்ணுல பூட்ஸு போட்டுக்கிட்டு நடப்பாவளா? நிக்கச் சொன்ன, நின்னேன். படத்துக்குன்னு அதுக்கு மட்டும் போட்டேன்."

"நான் ஷூ போட்டுக்கிட்டுத்தானே நடந்தேன், சொல்ல வேண்டியதுதானே?"

"நீ கேக்கலல்லா."

அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசினான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஜூன் 22

மதிய ரயில். ஜெயக்கொடி ஒரு கிலோ சில்லுக்கருப்பட்டியும் முருங்கைக்கீரைக் கட்டும் தந்தாள். லிங்கம் பெட்டிகளை ஏற்றிவிட்டு, ரயில் கிளம்பும் வரை பிளாட்பாரத்தில் நின்றான்.

ஜூலை 8, செவ்வாய்

பன்னிரண்டாம் படத்தைப் பெரிதாக அச்சிட்டு நந்திதாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். "இந்தக் கால்தடத்தைக் கம்ப்யூட்டர்ல மாத்திரலாமா மேடம்? ரெண்டு மணி நேர வேலை. இல்லைன்னா சிரிப்பாங்க."

சிரிக்கட்டும் என்றேன். உள்ளது ஒன்று, படத்தில் தெரிவது ஒன்று என்று இருந்தது போதும். அந்த மண் மேல் அவனுக்கு இருக்கும் மரியாதைதான் அந்தத் தடம். இத்தனை ஊரில் நடந்தும் எனக்கு அது வந்ததில்லை.

பிறகு நான்காம் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்துத் தரச் சொன்னேன். நிலவில் ஏது தேதி என்ற வரியைச் சுவரில் எழுத ஏற்கெனவே ஆளுக்குச் சொல்லிவிட்டாளாம். வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். லாமாயூரு, அக்டோபர் 13, மாலை. எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மற்றவற்றில் தேதியை அவள் இன்னும் அழித்திருக்கவில்லை. நல்ல வேளை, சோம்பேறி.

லிங்கத்துக்கு அழைப்பிதழ் அனுப்பினேன்.

ஜூலை 19, சனி

ஜெயக்கொடி போனில்: "அவிய ரயில் ஏறிட்டாவ மைனி. ஒங்ககிட்டச் சொல்லாண்டாம்னுட்டுப் போனாவ. அதான் சொல்லுதேன்."

ஜூலை 20, ஞாயிறு

பத்து மணிக்குத் திறப்பு. லிங்கம் பத்தரைக்கு வந்தான், வெள்ளைச் சட்டையில், கையில் துணிப்பையோடு. வாசலில் செருப்பைக் கழற்றினான். வேண்டியதில்லை என்று காவலாளி சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

கடைசிப் படத்துக்குத்தான் முதலில் போனான். நாலு பேர் அதன் முன் நின்று, வெறுங்கால் தடத்தைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. "வயிறு தெரியுது" என்று என்னிடம் முணுமுணுத்தான். இது யார் என்று நந்திதா கேட்டாள். என் தம்பி என்றேன். சொல்லிவிட்டு இருமிக்கொண்டேன்.

பிறகு நான்காவதற்கு வந்தான். புத்தகத்தில் உள்ளங்கையளவு பார்த்த படம் இங்கே சுவரளவு. நான் பக்கத்தில் போய் நின்றேன். போகாமல் இருக்க முடியவில்லை, ஓடிவிடவும் தோன்றியது. அவன் குனிந்து ஓரத்திலிருந்த எழுத்தைப் படித்தான்.

"பென்சிலுல்லா. அழிஞ்சிராதா?"

"அழிக்கலாம். நான் அழிக்கமாட்டேன்."

தலையை ஆட்டினான். இரண்டு அடி பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்த நிலவை மேலும் கீழும் பார்த்தான். ஐந்து வருடம் அவனைக் குத்திய படம்.

"நல்ல படம்க்கா" என்றான்.

நாலு மணி ரயிலுக்கு எழும்பூரில் கொண்டுபோய் விட்டேன். நாளைக் காலை தண்ணீர் நடை இருக்கிறதாம். சன்னலோரம் உட்கார்ந்து துணிப்பையைப் பிரித்து, ஜெயக்கொடி கொடுத்த முறுக்கை என்னிடம் நீட்டினான். வண்டி நகரும் நேரத்தில்தான் சொன்னான்.

"கார்த்திகக் கடேசில கள்ளர்வெட்டு வருதுல்லா. அப்பாக்குப் பொறவு நாந்தான் ரெண்டு பிடி அள்ளுதேன், வருசா வருசம். ஒரு வருசமும் விடல. அந்தக் கூட்டத்துல ஒரு பிடி அள்ளதுக்கே உயிரு போவுது. இந்த வருசம் ஒன் பிடிய நீ வந்து அள்ளிக்கோ."

டிசம்பர் நடுவில் ஜெய்சல்மேரில் ஒரு வேலைக்குச் சம்மதம் சொல்லியிருந்தேன். வீட்டுக்கு வந்ததும், ஷூவைக்கூடக் கழற்றாமல், வர இயலாது என்று அவர்களுக்கு எழுதினேன். காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்வேன்.